பாத்திரம் அறிந்து விதை போடு

வீட்டுத் தோட்டம் போட எல்லோருக்கும் ஆசை உண்டு. ஆனால் பலர் சொல்லும் பதில் ஒன்றுதான்.

"எங்கள் வீட்டைச் சுற்றி நல்ல மண் இல்லையே!"

சிலர் வீட்டு வாசலில் சிமெண்டுத் தரை இருக்கும். சிலர் வீட்டைச் சுற்றிப் பாறையாக இருக்கும். சில ஊர்களில் மண்ணில் உப்பு பூத்திருக்கும். சில இடங்களில் மழை பெய்தால் ஒரு வாரம் தண்ணீர் வடியாது. இப்படிப்பட்ட இடங்களில் விதை போட்டால் முளைக்காது. முளைத்தாலும் செடி நிற்காது.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. கெட்ட மண்ணைத் தோண்ட வேண்டாம். அதன் மேலேயே நான்கு பக்கமும் தடுப்பு வைக்க வேண்டும். தடுப்புக்குள் நல்ல மண்ணைக் கொட்ட வேண்டும். அதில் செடி வளர்க்க வேண்டும். இதற்கு மேட்டுப்பாத்தி என்று பெயர்.

இது நம் நாட்டுக்குப் புதிது அல்ல. காஷ்மீரில் தால் ஏரி இருக்கிறது. அங்கே நாணலையும் பாசியையும் சேர்த்துக் கட்டி, தண்ணீர் மேல் மிதக்கும் பாத்தியில் காய்கறி விளைவிக்கிறார்கள். கேரளத்தில் குட்டநாடு கடல் மட்டத்தை விடத் தாழ்ந்த பகுதி. அங்கே வரப்பை உயர்த்தி அதில் தென்னை வைக்கிறார்கள். நிலம் ஒத்துவராத இடத்தில் மண்ணை உயர்த்திக்கொள்வது நம் மக்களுக்குத் தெரிந்த வழிதான்.

சுந்தரவனத்தில் நடந்தது

மேற்கு வங்காளத்தின் தென்கோடியில் சுந்தரவனம் இருக்கிறது. ஆறுகளும் தீவுகளும் நிறைந்த பகுதி. 2009-ஆம் ஆண்டு மே 25 அன்று அங்கே அய்லா என்ற புயல் வீசியது. கரைகள் உடைந்தன. கடல் நீர் ஊருக்குள் புகுந்தது. வயல், குளம், வீட்டுக் கொல்லை எல்லாம் உப்பாயின.

தண்ணீர் வடிந்த பிறகும் உப்பு போகவில்லை. நெல் விளையவில்லை. கீரை கூட முளைக்கவில்லை. வாங்கிச் சாப்பிடப் பலரிடம் பணம் இல்லை.

அப்போது அங்கே மக்கள் சாக்குகளிலும் மேடான பாத்திகளிலும் மண்ணை நிரப்பிக் காய்கறி வளர்க்கத் தொடங்கினார்கள். பெரிய வயல் தராத கீரையைச் சிறிய மேடு தந்தது.

தகரம் எதற்கு?

மேட்டுப்பாத்திக்குத் தடுப்பு எதில் வைக்கலாம்? பலவற்றில் வைக்கலாம்.

செங்கல் நல்லது. ஆனால் செலவு அதிகம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் செங்கல் கட்ட முடியாது. மூங்கிலும் பலகையும் மலிவு. ஆனால் ஈரத்தில் அழுகும். கறையான் அரிக்கும். மறுபடி மறுபடி மாற்ற வேண்டும்.

தகரம் அழுகாது. கறையான் தொடாது. பழையதாகவும் கிடைக்கும். கூரை மாற்றும் வீட்டில் பழைய தகடு இருக்கும். கடையில் எண்ணெய் டின் இருக்கும். வீடு மாறினால் பிரித்து எடுத்துக்கொண்டு போகலாம்.

டால்டா 1937-ல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. அந்த டின் காலியானதும் அதில் துளசி வைத்த வீடுகள் எத்தனையோ உண்டு. ஆகவே தகரத்தில் செடி வளர்ப்பதும் நமக்குப் பழக்கமானதே.

தகரத்திற்குக் குறைகளும் உண்டு. வெயிலில் சுடும். வெட்டிய ஓரம் கையைக் கிழிக்கும். துருப்பிடிக்கும். கடலோரத்தில் உப்புக் காற்றால் சீக்கிரம் துருப்பிடிக்கும். அங்கே செங்கல்லோ மூங்கிலோ மேல்.

இவை எல்லாம் சிறிய குறைகள். இவற்றைச் சரி செய்யலாம். பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

டின்னில் முன்பு என்ன இருந்தது?

பீகார் மாநிலத்தில் சாரண் மாவட்டம் இருக்கிறது. அங்கே கந்தாமன் என்ற கிராமம். 2013-ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று அந்தக் கிராமப் பள்ளியில் குழந்தைகள் மதிய உணவு சாப்பிட்டார்கள். சிறிது நேரத்தில் வாந்தியும் வயிற்றுவலியும் வந்தன. 23 குழந்தைகள் இறந்தார்கள்.

ஏன்? உணவையும் எண்ணெயையும் சோதித்துப் பார்த்தார்கள். மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி அதில் இருந்தது. பூச்சிக்கொல்லி இருந்த டப்பாவில் சமையல் எண்ணெயை வைத்திருந்ததாக அதிகாரிகள் கூறினார்கள்.

டப்பா காலியாகிவிட்டது என்று நாம் நினைக்கிறோம். கண்ணுக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஆனால் மூலையிலும் மடிப்பிலும் நஞ்சு ஒட்டியிருக்கும். நாம் அதைப் பூச்சிமருந்து என்று சொல்கிறோம். அது மருந்து அல்ல, நஞ்சு.

சமையலுக்கு இது பொருந்தும் என்றால் தோட்டத்திற்கும் பொருந்தும். டப்பாவில் இருப்பது மண்ணுக்குப் போகும். மண்ணில் இருப்பது வேருக்குப் போகும். செடியில் இருப்பது நம் வீட்டுக் குழந்தையின் தட்டுக்கு வரும்.

"பாத்திரம் அறிந்து பிச்சையிடு" என்பது பழமொழி. தோட்டத்திற்கு அதைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லலாம். பாத்திரம் அறிந்து விதை போடு.

எழுத்தைப் படியுங்கள், நிறத்தைப் பாருங்கள்

இப்போது நமக்குப் படிக்கத் தெரியும். டின்னின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பார்க்கலாம்.

பூச்சிக்கொல்லி டப்பா ஒவ்வொன்றிலும் ஒரு அடையாளம் இருக்கும். ஒரு சதுரத்தைச் சாய்த்து நிறுத்தினால் எப்படி இருக்கும்? டைமன் வடிவம். அதன் கீழ்ப்பாதியில் ஒரு நிறம் இருக்கும்.

சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு. மஞ்சள் என்றால் கடுமையான நஞ்சு. நீலம் என்றால் நடுத்தர நஞ்சு. பச்சை என்றால் அதை விடக் குறைந்த நஞ்சு.

பச்சை என்று பார்த்ததும் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். பச்சையும் நஞ்சுதான். நான்கு நிறமும் தோட்டத்திற்கு ஆகாது.

சமையல் எண்ணெய் டின்னிலும் பச்சை இருக்கும். ஆனால் அது வேறு. ஒரு சிறிய சதுரக் கட்டம் இருக்கும். கட்டத்திற்குள் பச்சைப் பொட்டு இருக்கும். சைவ உணவு என்பதற்கு அது அடையாளம். அதோடு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற எழுத்துகளும் 14 இலக்க எண்ணும் இருக்கும். அந்த டின் உணவு இருந்த டின்.

அதுவும் போதாது. மும்பையில் தாராவி என்ற இடம் இருக்கிறது. பழைய எண்ணெய் டின்களைக் கழுவி, நெளிவு எடுத்து, மறுபடி விற்பனைக்கு அனுப்பும் பட்டறைகள் அங்கே உண்டு. ஒரு டின் பல கைகள் மாறலாம். முதலில் எண்ணெய் இருந்திருக்கும். பிறகு மண்ணெண்ணெயோ பெயிண்டோ இருந்திருக்கும். ஆகவே விற்பவரிடம் கேளுங்கள். மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். பெயிண்ட் வாசனையோ மருந்து வாசனையோ வந்தால் வேண்டாம். என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாவிட்டாலும் வேண்டாம்.

பூச்சிக்கொல்லி டப்பாவை என்ன செய்வது? பழைய இரும்புக் கடையில் போடக் கூடாது. குழந்தைகள் கையில் கொடுக்கக் கூடாது. அதை உடைத்து, குடியிருப்புக்குத் தள்ளிப் புதைக்க வேண்டும். 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. கிணறு, குளம், ஓடை அருகிலும் புதைக்காதீர்கள்.

எது ஆகும், எது ஆகாது?

ஆகும் பொருள்கள் இவை.

புதிய நெளி தகடு. பெயிண்ட் அடிக்காத பழைய கூரைத் தகடு. சமையல் எண்ணெய், நெய், வெல்லம் போன்ற உணவு இருந்த டின்.

ஆகாத பொருள்கள் இவை.

பூச்சிக்கொல்லி டப்பா. அமிலம், சாயம், பெயிண்ட், என்ஜின் ஆயில் இருந்த பீப்பாய். பழைய பெயிண்ட் உரியும் தகடு. கப்பல் உடைக்கும் இடத்திலிருந்து வந்த பெயிண்ட் தகடு. பழைய பேட்டரிப் பெட்டி.

பழைய பெயிண்ட்டில் என்ன ஆபத்து? அதில் காரீயம் கலந்திருக்கலாம். காரீயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். எவ்வளவு குறைவாக உடம்பில் சேர்ந்தாலும் நல்லதல்ல. வீட்டுப் பெயிண்ட்டில் 10 லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் காரீயம் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு அடித்த பெயிண்ட்டை நம்ப முடியாது.

ஆஸ்பெஸ்டாஸ் தகடும் வேண்டாம். அது பார்க்க நெளி தகடு போலவே இருக்கும். ஆனால் இரும்பு அல்ல. அதை வெட்டினால் நுண்ணிய இழைகள் தூசியாகப் பறக்கும். அவை நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்துக்கூட நோய் வரும். சந்தேகம் இருந்தால் காந்தத்தை வைத்துப் பாருங்கள். இரும்புத் தகட்டில் காந்தம் ஒட்டும். ஆஸ்பெஸ்டாஸில் ஒட்டாது.

ஒரு சந்தேகம்

"தகரத்தின் மேல் பூச்சு இருக்கிறதே? துருவும் மண்ணில் விழுமே? செடிக்குக் கெடுதல் இல்லையா?"

நல்ல கேள்வி. கூரைத் தகடு என்பது இரும்பு. அதன் மேல் துத்தநாகம் பூசியிருக்கிறார்கள். இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கவே அந்தப் பூச்சு. துத்தநாகம் பயிருக்குக் கொஞ்சம் தேவையான சத்து. நம் நாட்டில் பல இடங்களில் மண்ணில் அது குறைவாகவே இருக்கிறது. சாதாரண மண்ணில் தகட்டிலிருந்து மிகக் குறைவாகவே கரையும். புளித்த மண்ணில் மட்டும் அதிகம் கரையும். நன்றாக மட்கிய எரு சேர்த்தால் அந்தக் கவலை குறையும்.

துரு என்பது இரும்புதான். அது செடிக்கு நஞ்சு அல்ல. துருவால் தகடுதான் ஓட்டையாகும்.

ஒரு தகட்டில் ஒரு பாத்தி

இனி கணக்குப் போடலாம். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

8 அடி நீளம், 3 அடி அகலம் உள்ள நெளி தகடு ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை நீளவாக்கில் மூன்றாக வெட்டுகிறோம். ஒவ்வொரு துண்டும் 8 அடி நீளம், 1 அடி அகலம்.

இரண்டு துண்டுகளை அப்படியே நீளப் பக்கங்களுக்கு வைக்கலாம். மூன்றாவது துண்டை நடுவில் வெட்டினால் 4 அடித் துண்டுகள் இரண்டு கிடைக்கும். அவை அகலப் பக்கங்கள்.

8 + 4 + 8 + 4 = 24 அடி. மூன்று துண்டுகளின் நீளம் 8 + 8 + 8 = 24 அடி. ஒரு தகட்டில் ஒரு பாத்தி! மிச்சம் இல்லை, வீண் இல்லை. மூலையில் மடித்துச் சேர்க்க இரண்டு அங்குலம் போகும். அவ்வளவுதான்.

அகலம் ஏன் 4 அடி? நம் கை சுமார் 2 அடிக்கு எட்டும். இரண்டு பக்கமும் நின்று வேலை செய்தால் 4 அடி எட்டும். பாத்திக்குள் காலை வைத்து மிதிக்க வேண்டியதில்லை. மிதிக்காத மண் இறுகாது. சுவர் ஓரமாக வைத்தால் ஒரு பக்கம்தான் நிற்க முடியும். அப்போது அகலம் 2 அடி போதும்.

உயரம் 1 அடி எதற்கு? கீரைக்கு அரை அடி மண் போதும். கத்தரி, மிளகாய், தக்காளிக்கு 1 அடி வேண்டும்.

வெட்டும்போது கவனம்

தகடு வெட்டும் கத்திரியால் வெட்டுங்கள். தெரியாவிட்டால் தகரப் பட்டறையில் கொடுத்து வெட்டி வாங்குங்கள். கையில் கனமான துணியோ உறையோ போடுங்கள். காலில் செருப்பு வேண்டும். குழந்தைகள் அருகில் இருக்கக் கூடாது.

மூலைகளை வெல்டிங் வைக்க வேண்டாம். துத்தநாகப் பூச்சு எரிந்தால் வெள்ளைப் புகை வரும். அதை மூச்சில் இழுத்தால் காய்ச்சலும் நடுக்கமும் வரும். மூலைகளில் துளை போட்டு, போல்ட் நட் போட்டு முடுக்கினால் போதும்.

மேல் ஓரத்தை மடித்துத் தட்டிவிடுங்கள். அல்லது பழைய ரப்பர்க் குழாயை நீளமாகக் கிழித்து ஓரத்தில் மாட்டுங்கள். பிளந்த மூங்கிலையும் மாட்டலாம். தகரம் கிழித்துக் காயம் பட்டால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். ஆரம்ப சுகாதார நிலையம் சென்று டெட்டனஸ் தடுப்பூசி தேவையா என்று கேளுங்கள்.

பெரிய பீப்பாயைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 200 லிட்டர் பீப்பாயை நீளவாக்கில் இரண்டாக வெட்டினால் இரண்டு நல்ல தொட்டிகள் கிடைக்கும். ஆனால் வீட்டில் வெட்டாதீர்கள். பெட்ரோல், ஸ்பிரிட், தின்னர் இருந்த பீப்பாய் காலியாக இருந்தாலும் உள்ளே ஆவி தங்கியிருக்கும். கேஸ் கட்டரின் தீயோ மின்சாரக் கட்டரின் பொறியோ பட்டால் வெடிக்கும். இப்படி வெடித்து உயிர் போவது உண்டு. அந்தப் பீப்பாயைத் தொடவே வேண்டாம். உணவு எண்ணெய் இருந்த பீப்பாய் என்றாலும் வேலை தெரிந்தவரிடம் கொடுத்துக் கழுவி வெட்டி வாங்குங்கள்.

எங்கே வைப்பது?

ஒரு நாளில் ஐந்து ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடம் வேண்டும். சாலை ஓரம் வேண்டாம். காரீயம் கலந்த பெட்ரோல் விற்பனை நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நின்றது. ஆனால் அதற்கு முன் புகையில் வந்து விழுந்த காரீயம் மண்ணில் அழியாது. பழைய பெரிய சாலைகளின் ஓரத்து மண்ணில் அது இன்னும் இருக்கலாம். அந்த மண்ணை எடுத்துவந்து பாத்தியிலும் போடக் கூடாது.

டில்லியிலும் ராஜஸ்தானிலும் மே மாதம் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அப்போது தகரம் தொட முடியாதபடி சுடும். ஓரத்தில் உள்ள வேர் கருகும். மண் சீக்கிரம் காயும். இதற்கு நான்கு வழிகள் உண்டு.

ஒன்று: பாத்தியின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். மாலை வெயில் மேற்கில் இருந்து சுடும். மேற்கில் 4 அடிப் பக்கம் மட்டும் இருந்தால் சூடு குறையும்.

இரண்டு: மண் கொட்டும் முன் தகட்டின் உள்பக்கம் பழைய சாக்கை வையுங்கள். தேங்காய் நாரும் வைக்கலாம். சூடு மண்ணுக்கு நேராகப் போகாது.

மூன்று: மேற்குப் பக்கத்தில் வெளியே ஈரச் சாக்கைத் தொங்கவிடுங்கள். கொடிப்பசலையை ஓரத்தில் வைத்தால் கொடி தகரத்தின் மேல் படர்ந்து நிழல் தரும். வங்காளத்தில் புயி சாக் என்று விரும்பிச் சமைப்பது இந்தக் கீரையைத்தான்.

நான்கு: மண்ணின் மேல் காய்ந்த இலை, வைக்கோல் பரப்புங்கள். இதற்கு மூடாக்கு என்று பெயர். ஈரம் காக்கும்.

நிறுத்துவதும் நிரப்புவதும்

தடுப்பை இடத்தில் வையுங்கள். நீளப் பக்கத்தில் 2 அடிக்கு ஒரு முளைக்குச்சி அடியுங்கள். இல்லாவிட்டால் ஈர மண்ணின் கனத்தால் தகடு வெளியே பிதுங்கும்.

மண் தரை என்றால் அடியில் தகடு தேவையில்லை. களையைப் பிடுங்கிவிட்டு, பழைய அட்டையைப் பரப்பினால் போதும். உப்பு மண் என்றால் முதலில் உடைந்த செங்கல்லை மூன்று அங்குலம் பரப்புங்கள். கீழே உள்ள உப்பு நீர் மண் வழியாக மேலே ஏறும். செங்கல் துண்டுகளின் இடைவெளி அதைத் தடுக்கும்.

எவ்வளவு மண் வேண்டும்? 8 × 4 × 1 = 32 கன அடி. 15 கிலோ எண்ணெய் டின்னால் அளந்தால் சுமார் 55 டின். அவ்வளவு மண்ணுக்கு எங்கே போவது? பயப்பட வேண்டாம். மூன்றில் ஒரு பங்கை, அதாவது 18 டின்னை, காய்ந்த இலை, வாழைத்தண்டு, வைக்கோலால் நிரப்புங்கள். இவை அடியில் கிடந்து மட்கி உரமாகும். மீதி 37 டின்னில் பாதி நல்ல மண், பாதி மட்கிய எரு. இலை மட்கும்போது மண் இறங்கும். ஒவ்வொரு பருவத்திலும் மேலே எருவைப் போட்டு நிரப்புங்கள்.

குப்பை மேட்டு மண் வேண்டாம். பேட்டரி உடைத்த இடத்து மண் வேண்டவே வேண்டாம்.

மொட்டைமாடியில் வைக்கலாமா?

இந்தப் பெரிய பாத்தியை வைக்கக் கூடாது. ஏன்? கணக்குப் பாருங்கள்.

ஒரு கன அடி ஈர மண் சுமார் 45 கிலோ. 32 × 45 = 1,440 கிலோ. கிட்டத்தட்ட ஒன்றரை டன்!

மக்கள் ஏறி நடக்கும் மொட்டைமாடியை ஒரு சதுர மீட்டருக்கு 150 கிலோ தாங்கும்படி கணக்கிட்டுக் கட்டுவது வழக்கம். ஒரு அடி உயர ஈர மண் ஒரு சதுர மீட்டருக்கு 480 கிலோ ஆகும். மூன்று மடங்குக்கு மேல். கூரை விரியலாம். இடிந்து விழவும் கூடும்.

மாடியில் எண்ணெய் டின் போதும். அதைப் படுக்க வைத்து, மேல் பக்கத்தை வெட்டி எடுங்கள். 9 அங்குல ஆழம் கிடைக்கும். அடியில் நான்கைந்து துளை போடுங்கள். பாதி தேங்காய் நார்க் கழிவு, பாதி எரு போட்டால் கனம் குறையும். சுவர் ஓரமாகத் தள்ளித் தள்ளி வையுங்கள். இரண்டு செங்கல் மேல் நிறுத்துங்கள். பழைய கட்டடம் என்றால் கொத்தனாரையோ பொறியாளரையோ கேட்காமல் எதையும் ஏற்றாதீர்கள்.

என்ன விதைக்கலாம்?

நடுவில் கத்தரியும் மிளகாயும் வையுங்கள். கத்தரிக்கு 2 அடி இடைவெளி, மிளகாய்க்கு ஒன்றரை அடி இடைவெளி. ஓரங்களில் கீரை விதையுங்கள். வெண்டையை மேற்கு முனையில் வைத்தால் மற்றச் செடிகளுக்கு மாலையில் நிழல் கிடைக்கும்.

வட இந்தியாவில் இருப்பவர்கள் அக்டோபர், நவம்பரில் பாலக், வெந்தயக்கீரை, முள்ளங்கி விதைக்கலாம். கோடையில் தண்டுக்கீரை, வெண்டை, பாகல் தாங்கும். தண்டுக்கீரை ஒரு மாதத்தில் பறிப்புக்கு வரும். எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைக்காதீர்கள். வாரம் ஒரு வரிசை விதைத்தால் வாரம் ஒரு முறை கீரை கிடைக்கும்.

மண்ணைப் பற்றிச் சந்தேகம் வந்தால் வேளாண் அறிவியல் நிலையத்திற்குப் போங்கள். நம் நாட்டின் முதல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில் தொடங்கியது. இன்று நாடு முழுவதும் 700-க்கும் மேற்பட்ட நிலையங்கள் உள்ளன. பெரும்பாலான மாவட்டங்களில் ஒன்று இருக்கும்.

தண்ணீரும் கொசுவும்

விரலை மண்ணில் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் தண்ணீர் வேண்டாம். காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். காலையில் ஊற்றுவது நல்லது.

துளை அடைத்துக்கொண்டால் டின்னில் தண்ணீர் நிற்கும். வேர் அழுகும். அது மட்டும் அல்ல. டெங்குவைப் பரப்பும் கொசு இப்படிப்பட்ட சுத்தமான தேங்கிய நீரில்தான் முட்டையிடும். ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிப் பறக்கும். செடி வைக்காத காலி டின்களைக் கவிழ்த்து வையுங்கள். வாரம் ஒரு நாள் எல்லாத் துளைகளையும் குச்சியால் குத்திப் பாருங்கள்.

கீரை தட்டுக்கு வரட்டும்

இவ்வளவு பாடு எதற்கு? 2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் குடும்ப நலக் கணக்கெடுப்பு நடந்தது. 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்கு இரத்தசோகை இருந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளில் 100-க்கு 67 பேருக்கு இருந்தது. இரத்தம் குறைந்தால் களைப்பு வரும். பிரசவத்தில் ஆபத்து வரும். குழந்தை படிப்பில் பின்தங்கும்.

ஆகவே பறித்த கீரையை எல்லாம் விற்றுவிடாதீர்கள். முதல் பங்கு வீட்டுக்கு. அந்த வீட்டிலும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் குறையாமல் கொடுங்கள். கீரையை மூன்று தண்ணீரில் அலசுங்கள். சமைத்த பிறகு எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். அப்போது கீரையில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் அந்தச் சத்து சேர்வது குறையும். சோகை அதிகம் இருந்தால் கீரை மட்டும் போதாது. சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையையும் சாப்பிட வேண்டும்.

நினைவில் வையுங்கள்

1. டின்னில் முன்பு என்ன இருந்தது என்று தெரிந்துகொண்ட பிறகே மண் போடுங்கள்.
2. டைமன் அடையாளம் எந்த நிறத்தில் இருந்தாலும் அந்த டப்பா வேண்டாம்.
3. பெயிண்ட் உரியும் தகடும் ஆஸ்பெஸ்டாஸும் வேண்டாம்.
4. பீப்பாயை வீட்டில் வெட்டாதீர்கள்.
5. மாடியில் பெரிய பாத்தி வைக்காதீர்கள்.
6. தண்ணீர் தேங்க விடாதீர்கள்.

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் உள்ள டின், டப்பாக்களை எல்லாம் ஒரு இடத்தில் வையுங்கள். ஒவ்வொன்றிலும் எழுதியிருப்பதைப் படியுங்கள். எது தோட்டத்திற்கு ஆகும், எது ஆகாது என்று இரண்டாகப் பிரியுங்கள். தானியம், எண்ணெய் வைத்திருக்கும் டப்பாக்களையும் விடாமல் பாருங்கள்.

பக்கத்து வீட்டில் படிக்கத் தெரியாதவர்கள் இருந்தால் அவர்கள் வீட்டு டப்பாக்களையும் படித்துச் சொல்லுங்கள். அந்த வேலையை இன்றே செய்யலாம். பாத்தியை நாளை போடலாம்.